‘அமரர்’ இந்திரகுமார்

விடிந்ததிலிருந்து மழை. றப்பர் மரம் நனைந்துவிட்டால் பால்வெட்டு இல்லை. அதனால் விஜயகலாவுக்கு அன்று வேலையும் இல்லை. ஆனாலும் தோட்டத்து லயத்து வீட்டுக்குள் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் வைத்த தேத்தண்ணி கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. எஹலியகொட அச்சகத்திலிருந்து ஹிஷாம் மறுபடியும் அழைத்துவிட்டான்.

“அக்கா, நிச்சயதார்த்த கார்ட் இன்னிக்கே அடிக்கணும். அப்பா இந்திரகுமார் பேருக்கு முன்னால ‘அமரர்’ போடவா, வேணாமா?”

“கொஞ்சம் பொறு தம்பி...” என்று போனை வைத்தாள்.

“போடச் சொல்லும்மா! இன்னும் என்னா யோசனை?” என்று சீறினார் அண்ணன் முத்துவீரன்.

பெரிய மனுஷர்! சம்பந்தம் பேசப் போன இடத்தில், பெண்ணின் தகப்பன் எப்போதோ செத்துவிட்டான் என்று கூசாமல் சொல்லிவிட்டு வந்தவரே இவர்தான். செத்தவனோ அவிசாவளையில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டு கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான். மகள் கைக்குழந்தையாக இருக்கும்போதே விட்டுப் போனவன்.

“உசிரோட இருக்கிற மனுசன எப்படிண்ணே செத்துட்டாருன்னு அச்சடிக்கிறது?”

தலைவாரிக்கொண்டிருந்த மகள் ஷாமிளா சீப்பை வீசி எறிந்தாள்.

“ஏம்மா, அந்தாளு மேல இன்னும் ஆசையா ஒனக்கு? ஓடிப்போனவன் மகள்னு தெரிஞ்சா அவுங்க என்னைய எடுப்பாங்களா?”

பெற்ற மகள் கேட்கிற கேள்வியா இது! விஜயகலா அவள் பக்கம் திரும்பினாள்.

“ஆசையா... எனக்கா?... அவரு செத்துட்டாருன்னு போட்டா நான் யாருடி? தாலியறுத்தவ! ஒன் நிச்சயத்துல தட்டு மாத்த என்னைய விடுவாங்களா? மூலையிலதானே நிக்கணும்! வாளியத் தூக்கிக்கிட்டு மரம் மரமா ஓடி ஒன்னைய வளத்தது அதுக்காடி?”

ஷாமிளா தலையைக் குனிந்துகொண்டாள்.

“சரி சரி... போடச் சொல்லுண்ணே. அவ நல்லா இருந்தா எனக்கு அது போதும்.”

விஜயகலா பின்பக்கம் போனாள். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பியபோது நெற்றியில் பொட்டு இல்லை.

“என்னா அப்படி பாக்குறீங்க? செத்துட்டாருன்னு சொன்ன பொறகு பொட்டு எதுக்கு... இப்பவே பழகிக்கிறேன்.”

“ஐயோ அம்மா!” என்று அலறினாள் ஷாமிளா. மாமன் தடுக்கத் தடுக்க, ஓப்பநாயக்கவில் இருக்கும் மாப்பிள்ளை ஸ்ரீதரனுக்குப் போன் எடுத்தாள். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, “எங்கப்பா சாகலங்க. எங்கள விட்டுட்டுப் போயிட்டாரு. ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டோம்” என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

அந்தப் பக்கம் போன் கைமாறியது. பிறகு ஸ்ரீதரனின் தாய் தங்கம்மாவின் குரல் கேட்டது.

“ஒங்கம்மாகிட்ட குடு.”

விஜயகலா போனை வாங்கினாள்.

“இந்தப் பொய்யச் சொல்லச் சொன்னது யாரு?”

“நான்தாங்க... நான்தான் அண்ணன அப்படி சொல்லச் சொன்னேன். புள்ள மேல ஒரு குத்தமும் இல்லீங்க. என்னைய என்னா வேணும்னாலும் பேசுங்க...”

முத்துவீரனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. “இல்லீங்க! தங்கச்சிக்கு ஒன்னுமே தெரியாது! நானாத்தான் சொன்னேன்!” என்று போனைப் பார்த்துக் கத்தினார். “தங்கச்சி... என்னைய மன்னிச்சிரும்மா...” என்றவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

தங்கம்மா பெருமூச்சு விடுவது கேட்டது.

“எனக்குக் கோவந்தான். இல்லேன்னு சொல்லல. ஆனா ஓடிப்போனது அந்தாளு, மூஞ்சிய மறைச்சிக்கிறது நீங்களா? கார்ட்ல அந்தாளு பேரே வேணாம். ஒங்க பேரப் போடுங்க, போதும்.”

“ஏங்க... அப்ப தட்டு...”

“நீங்கதான் மாத்தணும், சம்பந்தி! வேற யாரு நீட்டினாலும் நான் கைநீட்டி வாங்க மாட்டேன்.”

விஜயகலா பதில் சொல்ல வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது. “அம்மா... அம்மா...” என்று ஷாமிளா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.