வரிசையில் நின்ற பிணம்

காவல் நிலையத்தின் போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் எடுத்தாள். காலையிலிருந்து இரண்டு அடிதடி, ஒரு நகைத் திருட்டு. மதியச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

"மேடம், ஒரு சாவு பத்திச் சொல்லணும்."

இளம்பெண்ணின் குரல். பதற்றம் இல்லை. கோபம் இருந்தது.

"யார் செத்தது?"

"நான்தான்."

இன்ஸ்பெக்டர் ரிசீவரை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள்.

"குடிச்சிருக்கியா?"

"காலையில இருந்து தண்ணிகூடக் குடிக்கல. பிற்காப்பு ஆபீஸ் வரிசையில நிக்கறேன். நான் செத்து ஆறு மாசம் ஆச்சாம். உங்க ஸ்டேஷன்லதான் கேஸை முடிச்சு வச்சிருக்கீங்களாம்."

"...இங்க வா. இப்பவே."

அரை மணியில் வந்து நின்றாள். இருபது வயது. தோளில் ஜிப் போன பை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அவளிடம் இருந்த அத்தனை காகிதமும் அதற்குள் இருந்தது.

"நான் வளர்ந்தது இல்லத்துல மேடம். அங்க என்னை வாயாடின்னு கூப்பிடுவாங்க. எதுக்கெடுத்தாலும் ஏன்னு கேப்பேன்."

"பிற்காப்பு ஆபீஸ்ல உனக்கு என்ன வேலை?"

"பதினெட்டு ஆனா இல்லத்துல இருந்து வெளிய அனுப்பிடுவாங்க. அப்புறம் இருபத்தொண்ணு வரைக்கும் வாடகைக்கும் படிப்புக்கும் கவர்மெண்ட் மாசாமாசம் பணம் தரும். இருபத்தொண்ணு ஆகறதுக்குள்ள எழுதிக் குடுத்தா, சொந்தக் கால்ல நிக்க ஒரு பெரிய தொகை. என் நர்சிங் கடைசி வருஷ ஃபீஸை அதுலதான் கட்டணும்."

"எப்ப இருபத்தொண்ணு?"

"நாளைக்கு. இன்னைக்கு அஞ்சு மணிக்குக் கவுண்டரை மூடிடுவாங்க."

சுவர்க் கடிகாரம் ஒன்றரை காட்டியது.

"ஆறு மாசமா பணம் வரல. மூணாம் கவுண்டர் அம்மாகிட்ட கேட்டா, மேல நிக்குது, அடுத்த மாசம் வான்னாங்க. இன்னைக்கு அவங்க சாப்பிடப் போயிட்டாங்க. ரெண்டாம் கவுண்டர்காரர் கம்ப்யூட்டரைப் பாத்தார். அப்புறம் என்னைப் பாத்தார். 'நீங்க இறந்துட்டீங்களேம்மா'ன்னார்."

பழைய கோப்பு வந்தது. ஓய்வுபெற எட்டு மாதமே மிச்சமிருந்த ஏட்டு, தூசியைத் தட்டி மேஜையில் வைத்தார்.

கல்குவாரித் தண்ணீரில் மிதந்த பெண். முகம் ஊதிப்போய் அடையாளம் தெரியவில்லை. அடையாளம் காட்டியவர் இல்லத்தின் கண்காணிப்பாளர். 'எங்கள் வாயாடிதான். கொஞ்ச நாளாகவே மனசு சரியில்லாமல் இருந்தாள்.' தற்கொலை. கோப்பு மூடப்பட்டது.

கீழே இன்ஸ்பெக்டரின் கையெழுத்து.

"எத்தனை நாள் விசாரிச்சோம் ஏட்டு?"

"ரெண்டு நாள் மேடம். சைக்கிள் தொலைஞ்சாக்கூட நாலு நாள் தேடுவோம்."

இன்ஸ்பெக்டருக்கு வாய் கசந்தது. கேட்க நாதியில்லாத பெண் என்பதால்தானே அவ்வளவு சீக்கிரம் மூடினோம்? அவளுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

வாயாடி போட்டோவை இழுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்தச் சட்டை என்னோடது."

"என்னம்மா சொல்ற?"

"மூணாவது பட்டன் மட்டும் பச்சை. நான்தான் தச்சேன். என் ரூம்மேட்டுக்குப் போட்டுக்கச் சொல்லிக் குடுத்தேன்..."

போட்டோவைக் கவிழ்த்து வைத்தாள். ஏட்டு தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

அந்த ரூம்மேட்டும் அதே இல்லத்துப் பெண். பட்டப்பெயர் 'சரிங்கப்பா'. கண்காணிப்பாளரை அங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். அது அவர் போட்ட சட்டம். அவர் எதைச் சொன்னாலும் இந்தப் பெண் சொல்வது ஒரே வார்த்தை: சரிங்கப்பா. வெற்றுத்தாளை நீட்டினாலும் சரிங்கப்பா. கையெழுத்து போட்டுக் கொடுப்பாள்.

"வெளியூர்க் காலேஜ்ல சேர்த்துட்டேன்னு அப்பா சொன்னார் மேடம். அவ நம்பர்ல இருந்து மெசேஜும் வந்துச்சு. 'படிக்கப் போறேன், தேடாத'ன்னு. நானும் தேடல."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தாள். ஏட்டும் கூடக் கிளம்பினார்.

பிற்காப்பு அலுவலகம். பச்சை பெயிண்ட் உரிந்த கூடம். முதுகு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் பத்துப் பதினைந்து பிள்ளைகள். எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் கவர். கூரைக்குக் கீழே ஒரு ஸ்பீக்கர், டோக்கன் எண்களைக் கரகரவென்று சொல்லிக்கொண்டிருந்தது. மூன்றாம் கவுண்டரில் 'உணவு இடைவேளை' பலகை. மணி மூன்று!

துணை இயக்குநர் வழக்கம்போல வெளியூர்ப் பயணத்தில் இருந்தார். அவருடைய அறையில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தாள். வாயாடியை அறையின் மூலையில் ஃபைல் அலமாரிக்குப் பின்னால் நிறுத்தினாள்.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டனுப்பிய கண்காணிப்பாளர் வந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கழுத்தில் அப்பிய பவுடர். பாக்கெட்டில் இரண்டு பேனா. தேன் ஒழுகும் பேச்சு.

"சொல்லுங்க மேடம். பிள்ளைங்க விஷயம்னா ராத்திரி பகல் பாக்க மாட்டேன்."

"ஆறு மாசத்துக்கு முன்னாடி குவாரியில ஒரு பொண்ணு..."

உடனே கர்ச்சீப் வெளியே வந்தது.

"ஞாபகப்படுத்தாதீங்க மேடம். தூக்கி வளர்த்த கை இது. நாளைக்கு என் பிறந்த நாள். பிறந்த தேதி தெரியாத பிள்ளைங்க எல்லாருக்கும் என் தேதியையே குடுத்திருக்கேன். எல்லாருக்குமா ஒரே கேக் வெட்டுவோம். இந்த வருஷம் அவ இல்ல..."

கேக் செலவு மிச்சம் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான்.

"வெளிய வாம்மா," என்றாள் இன்ஸ்பெக்டர்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து வாயாடி வந்தாள்.

கர்ச்சீப் பாதி வழியில் நின்றது. ஒரு நொடிதான். பிறகு அந்த மனிதர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எழுந்தார்.

"கண்ணு... நீ உயிரோடவா இருக்க? என் வயித்துல பாலை வார்த்தியே..."

"தொடாதீங்க," என்றாள் வாயாடி.

"மேடம், முகம் ஊதிப்போயிருந்துச்சு. துக்கத்துல தப்பா அடையாளம் காட்டிட்டேன். மனுஷன்தானே நான்?"

"அப்ப அந்தப் பொணம் யாரு?"

"யார் பெத்த பிள்ளையோ..."

"சரிங்கப்பாவா இருக்குமோ?"

"சேச்சே. அவ காலேஜ்ல இருக்கா. போன மாசம்கூட என் முன்னாடி நேர்ல வந்து நின்னா. உயிர்ச்சான்றுல நானே கையெழுத்துப் போட்டேன். அது இல்லாம அவளுக்குப் பணம் வராதே."

"பேசணுமே அவகிட்ட."

"தாராளமா."

அவர் நம்பரை அழுத்தினார். இன்ஸ்பெக்டர் போனை வாங்கி மேஜையில் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினாள். மணி அடித்தது... அடித்தது... எடுக்கப்பட்டது.

"அம்மாடி, அப்பா பேசறேன். பக்கத்துல இன்ஸ்பெக்டர் மேடம் இருக்காங்க. நீ நல்லா இருக்கேன்னு சொல்லு."

"சரிங்கப்பா. வணக்கம் மேடம். நான் நல்லா இருக்கேன். கிளாஸ்ல இருக்கேன்."

இளசான, அடக்கமான குரல். வாயாடியின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. உயிரோடு இருக்கிறாளா? அப்படியானால் அந்தச் சட்டை...

வெளியே கூடத்தில் கரகரத்தது.

'டோக்கன் எண்... நாற்பத்தி ஏழு... கவுண்டர் இரண்டு.'

போனுக்குள்ளும் கரகரத்தது.

'...நாற்பத்தி ஏழு... கவுண்டர் இரண்டு.'

இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"மேடம்," என்றார் ஏட்டு நிதானமாக, "அந்தக் காலேஜ்லயும் டோக்கன் போட்டுத்தான் பாடம் நடத்தறாங்க போலிருக்கு."

இன்ஸ்பெக்டர் அதற்குள் கதவைத் தாண்டியிருந்தாள். கூடத்தின் கோடியில் ஆவண அறை. இரும்பு ரேக்குகளுக்கு நடுவே, பாதி தின்ற டிபன் பாக்ஸ் மடியில் இருக்க, காதில் போனோடு உட்கார்ந்திருந்தாள் மூன்றாம் கவுண்டர் அம்மாள். ஐம்பது வயது. குரலுக்கு மட்டும் இருபது.

"கிளாஸ் முடிஞ்சுதா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

போன் குழம்புக்குள் விழுந்தது.

மிரட்டத் தேவையே இருக்கவில்லை. தானாகக் கொட்டினாள். செத்துப்போன பெண்ணின் சிம் கார்டு இந்த அம்மாளிடம் இருந்தது. பாங்கிலிருந்து ரகசிய எண் வந்தாலும், மேலிடத்திலிருந்து சரிபார்க்கக் கூப்பிட்டாலும் 'சரிங்கப்பா' என்று பேச வேண்டியது இவள் வேலை. மாசத்துக்கு ஒரு பங்கு.

"எப்படிச் செத்தா அந்தப் பொண்ணு?"

"அவ ஒரு மனு கொண்டுவந்து குடுத்தா மேடம்... நான் மனுவை மட்டும்தான் அவர்கிட்ட காட்டினேன். குவாரிக்குக் கூட்டிட்டுப் போனது, தள்ளிவிட்டது எல்லாம் அவர்தான்... சத்தியமா எனக்கு அப்புறம்தான் தெரியும்."

மனு அவளுடைய மேஜை டிராயரிலேயே இருந்தது. 'பெறப்பட்டது' என்ற முத்திரையோடு. உள்ளே ஒரே வரி.

'என் பணம் ஏன் எனக்கு வரவில்லை?'

வாழ்நாளில் ஒரே ஒரு தடவை ஏன் என்று கேட்டாள். அதற்குக் கொன்றுவிட்டார்கள். வாயாடி அந்தத் தாளை விரலால் தடவிக்கொண்டு அழுதாள்.

விலங்கோடு உட்கார்ந்திருந்த கண்காணிப்பாளரின் முன்னால் இன்ஸ்பெக்டர் குனிந்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவளைக் கொன்னீங்க. இவ பேர்ல ஏன் புதைச்சீங்க?"

இப்போது தேன் இல்லை.

"அவ நிறைய வெத்துத்தாள்ல கையெழுத்துப் போட்டு வச்சிருந்தா. அவ செத்ததா பதிவானா வருமானம் நின்னுடும். இவ பணம் நேரா இவ பாங்குக்கே போகுது, பத்து பைசா தேறல. செத்தா, ஈமச்சடங்கு நிதின்னு காப்பாளரான எனக்கு ஒரு தொகை வரும். உயிரோட இருக்கறவ கையெழுத்துப் போட மாட்டேங்கறா மேடம், செத்தவ போட்டுக் குடுத்திருக்கா. நீங்களா இருந்தா யாரை உயிரோட வச்சிருப்பீங்க?"

அறைந்துவிடக் கை பரபரத்தது. இன்ஸ்பெக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இப்படி ஒரு வாயைத் தொட்டால் கையைக் கழுவ ஒரு சோப்பு போதாது.

மணி நாலே முக்கால்.

இரண்டாம் கவுண்டர்காரர் நல்ல மனிதர்தான். ஆனாலும் கண்ணாடியைத் துடைத்தபடி தலையாட்டினார்.

"செத்துட்டதா பதிவாகியிருக்கே மேடம். விண்ணப்பத்தை வாங்கணும்னா உயிர்ச்சான்று வேணும். 'என் முன் நேரில் தோன்றினார்'னு அந்தந்த இல்லத்துக் கண்காணிப்பாளர் கையெழுத்து போடணும்."

"இவ உங்க முன்னாடிதானே நிக்கறா? நீங்க பாக்கலையா?"

"நான் பாத்தா செல்லாதுங்களே. இன்னைக்கு வரைக்கும் அவர்தானே கண்காணிப்பாளர்."

இன்ஸ்பெக்டர் திரும்பினாள். பேனாவை நீட்டினாள். கண்காணிப்பாளர் சிரித்தார்!

"என்னால இவ சாகவும் இல்ல, பிழைக்கவும் வேண்டாம். போட மாட்டேன். பதினஞ்சு நிமிஷம்தானே, நான் உக்காந்திருக்கேன்."

வாயாடி கடிகாரத்தைப் பார்த்தாள். பிளாஸ்டிக் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். இன்னும் பதினாலு நிமிஷம். நர்சிங் படிப்பு, அறை வாடகை, எல்லாமே இந்த ஆளின் பேனா முனையில் தொங்கியது. தூ...

"மேடம்," என்று ஏட்டு மூன்றாம் கவுண்டரிலிருந்து கூப்பிட்டார். மனு இருந்த டிராயரை அவர் முழுசாக வெளியே இழுத்துப் போட்டிருந்தார். அடியில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு.

உயிர்ச்சான்றுகள். நாற்பது. பெயர் இல்லை. தேதி இல்லை. ஆனால் ஒவ்வொன்றின் கீழும் முத்திரையோடு பளிச்சென்று ஒரு கையெழுத்து. மாசாமாசம் வந்து போடச் சோம்பல்பட்டு, கண்காணிப்பாளர் மொத்தமாகப் போட்டுக் கொடுத்திருந்தார்.

வெற்றுத்தாளில் கையெழுத்து போட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

சிரிப்பு அவர் முகத்திலிருந்து வழுக்கி விழுந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை உருவினாள். வாயாடியிடம் கொடுத்தாள்.

"உன் பேரை நீயே எழுதும்மா. நிறுத்தி நிதானமா எழுது."

எழுதினாள். இரண்டாம் கவுண்டர்காரர் கையெழுத்தைக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். 'பேஷ்' என்று சொல்லி முத்திரையைக் குத்தினார். நாலு ஐம்பத்தாறு.

"இது... இது செல்லாது... சாட்சிப் பொருள்..." என்று திக்கினார் கண்காணிப்பாளர்.

ஏட்டு பறிமுதல் பட்டியலில் 'முப்பத்தொன்பது' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

"விடுங்க சார். வாழ்க்கையில நீங்க போட்ட கையெழுத்துல இது ஒண்ணுதான் உண்மையைச் சொல்லுது. நாளைக்குக் கேக் வெட்டறப்ப அதை நினைச்சு சந்தோஷப்படுங்க... ஆனா எங்க லாக்கப்புல கத்தி தர மாட்டோம்."