படங்கு விரித்த பக்கம்

அழுதுகொண்டு வருகிறவர்களை றுஸைனா அந்த அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறாள். ஸரீனா அழவில்லை. உள்ளே வந்ததும் வராததுமாக ஒரு கடதாசியை மேசையில் போட்டாள். இதில் தன் புருஷன் கையெழுத்து வைக்கலாமா கூடாதா என்று ஒரே சொல்லில் சொல்லச் சொன்னாள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்குத் தெம்பு இல்லை போலிருந்தது.

ஒரே சொல்லில் பதில் சொல்ல றுஸைனாவுக்கு வாய் துறுதுறுத்தது. சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்து ஆறு மாதம்தான். அதற்குள் எத்தனையோ வழக்குகளை அவள் மனசுக்குள்ளேயே வென்று முடித்திருந்தாள். ஆனால் மாத்தளை நகரில் இருந்த அந்த அலுவலகத்தின் பெயர்ப்பலகை அருந்ததியுடையது. இருபத்தெட்டு வருஷமாக நீதிமன்றம் ஏறி இறங்கும் அருந்ததி, கடதாசியைத் தொடாமலே கதிரையைக் காட்டினார்.

"முதல்ல இருங்கோ. என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ."

ஸரீனா சொன்னாள். அவள் புருஷன் ஹஸீப் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை காலை உக்குவளையிலிருந்து மாத்தளைக்கு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். எதிரே கலேவெலயிலிருந்து கண்டிக்கு மரக்கறி ஏற்றிப் போன லொறி. மோதியதில் இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. தலையிலும் அடி. வீட்டை விட்டுக் கிளம்பியது ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில்தான். நடுவில் ஒன்றுமே இல்லை.

பொலிஸ் வருவதற்குள் பாதையை மறிக்காமல் இருக்கவென்று லொறிக்காரர்களே வண்டி இரண்டையும் ஓரம் கட்டிவிட்டார்கள். ஹஸீப் தன் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் ஏறி வந்தான் என்று சாரதி சொன்னான். லொறிக்குப் பின்னால் வேனில் வந்ததாக ஸஜ்ஜாத் என்று ஒருவர் சாட்சியும் சொல்லிவிட்டார். கடைசியில் கால் உடைந்தவன் மேலேயே கவனயீனமாக ஓட்டியதாக வழக்கு. செவ்வாய்க்கிழமை நீதவான் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டால் சின்னத் தண்டப்பணத்தோடு முடியும், பாவம் பார்த்து ஏதாவது உதவியும் செய்கிறோம் என்று லொறியின் காப்புறுதிக் கம்பனி அதிகாரி சொன்னாராம். அதற்குத்தான் இந்தக் கடதாசி.

"ஒப்புக்கொண்டால் நட்டஈடு கேக்கிற வழி அநேகமா அதோட அடைஞ்சு போகும்," என்றார் அருந்ததி. "அவர் என்ன சொல்றார்?"

ஸரீனாவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "கையெழுத்து வெக்கிறேண்டு சொல்றார், மிஸ். நான்தான் பிழை உட்டேனோண்டு ராவும் பகலும் யோசிக்கிறார். ஏணில ஏறின மனுஷன், இப்ப கட்டில உட்டு எறங்க வெக்கப்படுறார்."

அருந்ததி ஆஸ்பத்திரித் துண்டைப் பார்த்தார். அனுமதித்த நேரம் காலை ஒன்பது நாற்பது. பிறகு அன்றைக்கு உடுத்தியிருந்த உடுப்பு எங்கே என்று கேட்டார். ஸரீனா கழுவிவிட்டேன் என்றாள். கழுவியதென்றாலும் பரவாயில்லை, பார்க்க வேண்டும் என்றார் அருந்ததி. கொஞ்ச நேரத்தில் ஸரீனா கைப்பையைத் திறந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தாள். அரிசிப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததாம்.

சட்டையின் தோளிலும் முதுகிலும் மிளகு நசுங்கி, சாறு ஊறி, துணியோடு துணியாகக் காய்ந்து போயிருந்தது. ஸரீனா கொண்டுவந்த பொலிஸ் பிரதியில் ஸஜ்ஜாத்தின் வாக்குமூலத்தை றுஸைனா அப்போதுதான் வாசித்திருந்தாள். எதிர்ப்பக்கம் பலா மரத்தடியில் படங்குச் சீலை விரித்து மிளகு காயப்போட்டிருந்தார்கள், மோட்டார் சைக்கிள்காரன் அதன்மேல்தான் விழுந்தான், காய்ந்த கறுத்த மிளகு பாதையெல்லாம் உருண்டது என்று அதில் இருந்தது. அப்படியானால் இந்தச் சட்டையே ஹஸீபுக்கு எதிரான சாட்சி. அதனால்தான் இவள் ஒளித்திருக்கிறாள்.

"இதைக் கழுவ வேண்டாம்," என்றார் அருந்ததி. "கடதாசியில ஒண்டும் வைக்க வேண்டாம்."

அன்று நீதிமன்றம் கலைந்ததும் இருவரும் ஆட்டோ பிடித்து அந்த இடத்துக்குப் போனார்கள். மூன்றரை மணி இருக்கும். மாத்தளை நோக்கி வருகிறவனுக்கு இடப்பக்கம், அதாவது ஹஸீப் வரவேண்டிய பக்கம், ஒரு மாடிவீட்டு மதில். எதிரே லொறி போகவேண்டிய பக்கம் மேட்டில் வரிசையாகப் பலா மரங்கள். மரத்துப் பக்க ஓரத்தில் நீலப் படங்கு, அதில் கறுத்த மிளகு. விபத்தன்று பின்னேரம் கம்பனிக்காரர் எடுத்த படங்களிலும் அச்சு அசல் இதேதான். மிளகுக்காரர் பதுர்தீன், அறுபது வயது மனிதர், கேட்டதற்கெல்லாம் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி வீட்டுக்குள் போய்விட்டார். திரும்பும் வழியில், றுஸைனா மனசுக்குள் வென்று வைத்திருந்த வழக்கு கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அருந்ததி அவளை மறுபடி அங்கே இழுத்துப் போனார். அன்று மிளகு விரித்திருக்கவில்லை. ஆட்டோவைப் பலா மரத்தடியில் நிறுத்தி, குளுகுளுவென்ற நிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. போகிற வருகிற வாகனங்களைத் தவிர ஒரு மண்ணும் நடக்கவில்லை. ஒரு மணிக்குப் பசி பொறுக்காமல் றுஸைனா உக்குவளைக் கடைக்கு நடந்தாள். ஆறுதலாகச் சாப்பிட்டு, றோல்ஸ் வாங்கிக்கொண்டு திரும்ப இரண்டரை ஆகிவிட்டது. ஆட்டோ நின்ற இடத்திலேயே வெயிலில் வெந்துகொண்டிருந்தது. சீட்டில் கை வைக்க முடியவில்லை. இப்படி வெயிலில் நிறுத்துவார்களா என்று அவள் சாரதியோடு எரிந்து விழுந்தாள்.

அருந்ததி பதுர்தீனின் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். வாசலில் பதுர்தீனின் மனைவி ஸஜீதா கையசைத்தாள்.

"நீர் சாப்பிடப் போன நேரம் வழக்கு முடிஞ்சுது, றுஸைனா," என்று சொல்லி, றோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. இந்த மனுஷி தன்னை வேண்டுமென்றே வதைக்கிறார் என்று றுஸைனா உறுதியாக நம்பினாள்.

திங்கட்கிழமை பின்னேரம் அலுவலகம் நிறைந்தது. கடதாசியோடு காப்புறுதி அதிகாரி வந்தார். ஒப்புக்கொள்வதற்கு முன் சாட்சியை ஒருதடவை கேட்க வேண்டும் என்று அருந்ததி சொல்லியிருந்ததால் ஸஜ்ஜாத்தையும் கூட்டி வந்திருந்தார். கலேவெலயில் மரக்கறி மொத்த வியாபாரம், நாற்பது வயது, நன்றாகத் தேய்த்த சட்டை. ஹஸீப் ஊன்றுகோல்களை மடியில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்திருந்தான். பக்கத்தில் ஸரீனா. மூலையில் பதுர்தீனும் ஸஜீதாவும்.

அருந்ததி கேட்கக் கேட்க ஸஜ்ஜாத் தடங்கலே இல்லாமல் சொன்னார். நேரம் காலை ஒன்பது. படங்கு பலா மரத்தடியில். விழுந்தவன் மேலெல்லாம் காய்ந்த கறுத்த மிளகு. அங்கே நிற்காமல் நேரே கண்டிக்குப் போய், ராத்திரிதான் ஊர் திரும்பினாராம்.

"நல்லது. தம்பி, கலேவெலயில நெல்லு எங்க காயப்போடுறவை?"

"றோட்டுலதான், மிஸ். எல்லாரும் போடுறதுதானே."

"காலையில போட்டால்?"

"போட்ட எடத்துல பின்னேரம் மட்டும் கெடக்கும். எங்கட பக்கம் என்ன காடா, நெழல் விழ?" ஸஜ்ஜாத் சிரித்தார்.

அருந்ததியும் சிரித்தார். "அதுதான் உங்களுக்குப் பிழைச்சுப் போச்சு."

றுஸைனாவுக்கு ஆட்டோ சீட்டின் சூடு கையில் மறுபடி பட்டமாதிரி இருந்தது. காலையில் நிழல், இரண்டரைக்கு வெயில். ஆட்டோ நகரவே இல்லை! அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"கண்டுபிடிச்சிட்டீர் போல. சொல்லும்," என்றார் அருந்ததி.

றுஸைனா எழுந்தே நின்றுவிட்டாள். "காலைல பலா மரத்தடில வெயிலே இல்ல, மிஸ். மதில் பக்கம்தான் வெயில். பகலைக்குப் பொறகு மாடிவீட்டு நெழல் மதில் பக்கம் விழுந்துரும், வெயில் மரத்துப் பக்கம் வந்துரும். ஒம்பது மணிக்கு யாரு நெழல்ல மிளகு காயப்போடுவாங்க?"

"அவ்வளவுதான். சட்டையும் அதைத்தான் சொல்லுது. காய்ஞ்ச கறுத்த மிளகில சாறு ஏது? வெந்நீரில முக்கி எடுத்து அப்பதான் விரிச்ச ஈர மிளகு இது. பின்னேரம்தான் அது கறுத்துக் காயத் தொடங்கினது." அருந்ததி ஸஜ்ஜாத்தின் பக்கம் திரும்பினார். "நீங்கள் அந்த இடத்தைக் கண்டது உண்மை. ஆனால் விபத்து நடந்து ஆறு மணித்தியாலம் கழிச்சு, படம் எடுக்கப் போன ஆக்களோட. நெல்லு மாதிரி மிளகும் போட்ட இடத்தில கிடக்கும் எண்டு நினைச்சிட்டீங்கள்."

மூலையிலிருந்து பதுர்தீன் எழுந்தார். குரல் நடுங்கினாலும் சொல் நடுங்கவில்லை. "காலைல மதில் பக்கம் போடுவோம். பகல் லுஹர் தொழுதுட்டு வந்து மரத்துப் பக்கம் இழுத்துப் போடுவோம். இருவது வருஷமா அப்படித்தான். அண்டைக்கும் அப்படித்தான். சத்தம் கேட்டு ஓடி வரக்குள்ள தம்பிய ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டாங்க. றோட்டுல மிளகு போட்டதுக்கு எங்கள புடிப்பாங்களோண்டு பயந்து பொலிஸுல ஒண்டும் சொல்லல்ல. அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கங்க, தம்பி."

அதிகாரி தொண்டையைச் செருமினார். மோதிய வேகத்தில் அந்தப் பக்கம் தூக்கி எறியப்பட்டிருக்கலாமே என்றார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல அருந்ததி ஸஜீதாவைப் பார்த்தார். ஸஜீதா ஒரு பால்மாத் தகரத்தை மேசையில் கவிழ்த்தாள். தடித்த கண்ணாடித் துண்டுகள் கலகலவென்று விழுந்தன.

விபத்தன்று காலை விரித்த மிளகைச் சுளகில் புடைக்கும்போது இவை வந்தனவாம். கண்ணாடி கிடந்தால் வாங்குகிறவன் மூட்டையையே திருப்பிவிடுவான் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்திருக்கிறாள்.

"லொறியின்ர முன்விளக்கு," என்றார் அருந்ததி. "இரண்டு துண்டில லொறி செய்த கம்பனியின்ர அடையாளம் அப்பிடியே இருக்கு. மனிசன் எறிபடலாம், சரி. லொறி மரத்துப் பக்கம் நிண்டிருந்தால் அதின்ர கண்ணாடி எப்பிடி மதிலோரப் படங்கில கொட்டும்? லொறிதான் தன்ர பக்கத்தை விட்டு, மதிலோரமா வந்துகொண்டிருந்த இவரில ஏறினது."

லொறி முதலாளி தன்னிடம் சரக்கு எடுக்கிறவர், கேட்டார், மறுக்க முடியவில்லை என்று ஸஜ்ஜாத் முணுமுணுத்தார். அன்று காலை ஒன்பது மணிக்கு அவர் கலேவெலக் கடையில்தான் இருந்தாராம். அதிகாரி தன் கடதாசியை எடுத்து நாலாக மடித்துப் பையில் போட்டார். மேலிடத்தில் பேசிவிட்டு முழு நட்டஈடு பற்றி வருவதாகச் சொன்னபோது அவர் குரலில் மரியாதை வந்திருந்தது.

ஹஸீப் அதையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை. தலை நிமிர்ந்து றுஸைனாவைப் பார்த்தான்.

"அப்ப நான் என்ட பக்கத்துலதான் வந்திருக்கேன். இல்லயா, மிஸ்?"

"மதிலோட ஒட்டி வந்திருக்கீங்க, நானா," என்றாள் றுஸைனா, சொந்த அண்ணனை அழைப்பதுபோல.

செவ்வாய்க்கிழமை அருந்ததி எல்லாவற்றையும் முன்வைக்க, பொலிஸார் மேலும் விசாரிக்கத் தவணை கேட்டார்கள். அடுத்த தவணையில் ஹஸீப் மேலிருந்த வழக்கு விலக்கிக்கொள்ளப்பட்டது. லொறிச் சாரதியும் ஸஜ்ஜாத்தும் பதில் சொல்லும் முறை வந்தது. பதுர்தீனை யாரும் பிடிக்கவில்லை. படங்கைப் பாதையிலிருந்து வளவுக்குள் எடுக்கச் சொன்னதோடு விட்டுவிட்டார்கள்.

அன்று வீடு திரும்பும் வழியில் ஹஸீப் அந்த இடத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னான். ஸரீனா பிடிக்க வந்தாள், வேண்டாம் என்றான். ஊன்றுகோல்களை ஊன்றித் தானாகவே இறங்கி, மதிலோரம் போய் நின்றான். பாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்றான்.

"இங்கதான்," என்றான். "நான் இங்கதான் வந்தேன்."