கம்பு வந்தால் ஆள் வந்தாச்சு

யாத்திரைப் பாதையின் கீழ் விடுதியிலிருந்து அக்காவும் தம்பியும் கிளம்பியபோது வானம் துடைத்துவைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. தம்பி லிஃப்ட் மெக்கானிக். "பொத்தானை அமுக்கி மேல போய்ப் பழகினவனுக்கு மலை எதுக்கு?" என்று வீட்டில் கேலி செய்வார்கள். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன வருஷம் இதே பாதையில், இன்று நடக்கப்போகும் இதே பகுதியில்தான் அவள் கணவர் செத்துப்போனார். அவர் பாதியில் விட்ட நடையை முடித்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். துணைக்குத் தம்பியைக் கூப்பிட்டாள். அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாளே.

அவள் கையில் கணவரின், அதாவது தம்பிக்கு மாமாவின், கம்பு. மாமா பள்ளிக்கூட பஸ் டிரைவர். பழைய ஸ்டியரிங் உறையை வெட்டிக் கைப்பிடியில் சுற்றித் தைத்திருந்தார். கடைசிப் பிள்ளை ஏறாமல் அவர் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்ட பிறகுதான் கியர் போடுவார். வீட்டில் சாப்பிட உட்காரும்போதும் அதையே கேட்டு எல்லோரையும் சிரிக்கவைப்பார்.

இந்தப் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. மேல் விடுதிக்கு வந்து சேர்கிறவர்கள் வாசலறைச் சுவரில் தங்கள் கம்பைச் சாத்திவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலையில் எத்தனை பேர் கிளம்பினார்கள் என்று கீழேயிருந்து போன் வந்துவிடும். பொழுது சாயும்போது விடுதிக்காரர் கம்புகளை எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்புவார். சரியாக இருந்தால் கதவைத் தாழிடுவார். கம்பு வந்தால் ஆள் வந்தாச்சு. அதனால் ஒருவர் கம்பை இன்னொருவர் தொடுவதில்லை.

தம்பி தொட்டான்.

போன வருஷம் மாமாவும் அவனும் சேர்ந்து நடந்தபோது மாமாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. இரண்டு அடிக்கு ஒருமுறை நின்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மேல் விடுதியில் அடுப்போரக் கட்டில்கள் முதலில் வருகிறவர்களுக்குத்தான். தம்பிக்குப் பொறுக்கவில்லை. "கம்பு வேணும்னா வேகமா வந்து வாங்கிக்குங்க" என்று விளையாட்டாகப் பிடுங்கிக்கொண்டு நடந்தான். விளையாட்டு என்றுதான் அப்போது நினைத்தான். விடுதிக்கு வந்ததும், கூட வந்தவரை விட்டுவிட்டு வந்தாயா என்று விடுதிக்காரர் திட்டுவாரே என்று பயந்து, இரண்டு கம்பையும் சுவரில் சாத்தினான். மாமா எப்படியும் வந்துவிடுவார் என்று படுத்தவன், களைப்பில் அப்படியே தூங்கிப்போனான். விடுதிக்காரர் எண்ணினார். சரியாக இருந்தது. தாழிட்டார்.

ராத்திரி விழித்துப் பார்த்தால் பக்கத்துக் கட்டில் காலி. எல்லோரும் எழுந்து விடுதியைச் சுற்றிச் சுற்றித் தேடினார்கள். அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் பாறை வளைவுக்குக் கீழே மாமா கிடந்தார். "மாமா வந்து சேந்துட்டாரு, அப்புறம்தான், தாழ் போடறதுக்கு முன்னாடி, எதுக்கோ வெளிய போயிருக்காரு" என்று சொல்லிவிட்டான். கம்புதான் சாட்சி சொன்னதே.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. ஆனால் சாப்பிடத்தான் முடியவில்லை.

இன்றும் நடந்துகொண்டே அக்கா அதே கேள்வியைக் கேட்டாள். ஒரு வருஷமாக அவள் கேட்டுவரும் கேள்வி.

"உள்ள வந்த மனுஷன் எதுக்குடா மறுபடி வெளிய போனாரு? என்கிட்ட பேச சிக்னல் தேடித்தான் போயிருப்பாரு. தினமும் போன் பண்ணணும்னு நான்தானே உயிரை எடுத்தேன்."

"அப்படி எல்லாம் இருக்காதுக்கா."

"வேற எதுக்குப் போவாரு? சொல்லு."

அவன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நடந்தான். இப்போது சொல்லிவிடலாம், வழிகாட்டப் பாறையில் பூசிய அடுத்த மஞ்சள் குறியில் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு குறியையும் தாண்டினான். தன்னை நினைத்தாலே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

மத்தியானம் கழிந்து பாறை வளைவை நெருங்கியபோது பனி இறங்கியது. மரம் போயிற்று, பாதை போயிற்று, நீட்டிய கை போயிற்று. பறவைச் சத்தம் நின்றது. ஈர மண் வாசனைக்கு நடுவே வேறொரு வாசனை மெல்ல வந்தது.

முழங்கால் தைலம்.

"லேஸ் அவுந்துடுச்சு, கட்டிட்டு வரேன்" என்று அக்கா பின்னாலிருந்து சொன்னாள். அவன் நின்றான்.

டொக்.

கம்பு கல்லில் ஊன்றும் சத்தம். அதன் பின்னால் ஒரு கால் இழுபடும் சத்தம்.

"அக்கா?"

டொக்.

காதுக்குப் பக்கத்தில், மூச்சுக் காற்று பட, யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

"எல்லாரும் ஏறியாச்சா?"

அவன் ஓடினான். அக்கா இருக்கிறாள் என்பது நினைவிருந்தும் ஓடினான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுடையது கால்களையே பறித்துக்கொண்டு ஓடியது. விடுதி விளக்கு தெரிந்த பிறகுதான் நின்றான். ஒற்றையடிப் பாதை அது. அவனைத் தாண்டி யாரும் போகவில்லை.

வாசலறையில் விடுதிக்காரர் எண்ணிக்கொண்டிருந்தார். "வாங்க. உங்க கம்புதான் பாக்கி. வெச்சீங்கன்னா தாழ் போட்டுடுவேன்."

தம்பி சுவரைப் பார்த்தான்.

போன வருஷம் அவன் சாத்திய அதே மூலையில், ஸ்டியரிங் உறை சுற்றிய கம்பு. நுனியில் ஈர மண்.

"இது எப்படி வந்துச்சு? அக்கா எங்க?"

"உள்ளதான் இருப்பாங்க. கம்பு இருக்கே."

கட்டில் கட்டிலாகப் பார்த்தான். படுத்திருந்தவர்கள் அவனை விழித்துப் பார்த்தார்கள். அக்கா இல்லை. விடுதிக்காரர் பெருமூச்சு விட்டார். "வந்துட்டு வெளிய போயிருக்காங்க, உங்க மாமா மாதிரியே. வாங்க, கொல்லைப் பக்கமா சுத்திப் பாப்போம்."

"இல்ல. கீழ போகணும். பாறை வளைவுக்கு."

"கம்பு இங்க இருக்கும்போது அங்க எதுக்குப் போகணும்? வீணா நேரம் போயிடும் தம்பி."

போன வருஷமும் இப்படித்தான் விடுதியைச் சுற்றிச் சுற்றி நேரம் போயிற்று. உண்மையைச் சொன்னாலொழிய இவர் அந்தப் பாதையில் இறங்கமாட்டார். சொல்லாவிட்டால் அக்காவும் போய்விடுவாள்.

"கம்பு இருந்தா ஆள் இருக்கணும்னு இல்லைங்க." மூலையில் இருந்த கம்பைக் காட்டினான். "போன வருஷம் மாமா வந்து சேரவே இல்ல. அவர் கம்பை நான் பிடுங்கிட்டு வந்தேன். நான்தான் இங்க வெச்சேன்."

விடுதிக்காரர் அவன் பக்கம் திரும்பினார். "ஒரு மனுஷனை வெளிய வெச்சுத் தாழ் போட்ட கைன்னு, நான் ஒரு வருஷமா சரியா தூங்கல" என்றார். டார்ச்சை எடுத்துக்கொண்டு பனிக்குள் இறங்கினார்.

அக்கா பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டார்ச் வெளிச்சம் அவள் காலடியில் விழுந்தது. ஷூ நுனிக்கு அந்தப் பக்கம் தரை இல்லை.

"கம்பை வாங்கிட்டுப் போனது நீதானேடா?"

"நான் இல்லக்கா."

"எனக்கும் அதுதான் புரியல. பனிக்குள்ளேருந்து ஒரு கை நீண்டுச்சு. ஐஸ் மாதிரி இருந்துச்சு. ‘கம்பைக் குடு. இங்கயே உக்காரு, எழுந்திரிக்காத. தம்பி வருவான்’னு சொல்லுச்சு. நீயா இருந்தா நான் வரேன்னுதானே சொல்லுவ?" அவன் முகத்தையே பார்த்தாள். "வந்து என்கிட்ட ஒண்ணு சொல்லுவான்னும் சொல்லுச்சு. என்னடா அது?"

அவன் அங்கேயே மண்டிபோட்டுச் சொன்னான். எதையும் குறைக்கவில்லை.

அக்கா கத்துவாள் என்று நினைத்தான், அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்போ, எனக்கு போன் பண்றதுக்காக அவர் வெளிய போகலயா?"

"இல்லக்கா."

அவள் எழுந்து, விடுதிக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தம்பி நீட்டிய கையைப் பார்க்கவே இல்லை. அவன் பின்னால் நடந்தான். அவனுக்கும் பின்னால், விடுதி வரைக்கும், ஒரு கால் இழுபட்டுக்கொண்டே வந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலறை மூலை காலியாக இருந்தது. கம்பு இல்லை. அங்கிருந்து உள்ளே, கட்டில் வரிசைக்கு நடுவே, ஈரத் தடம் ஒன்று போயிற்று. ஒற்றைக் கால் தடம். பக்கத்தில் இழுபட்ட கோடு. படுத்திருந்தவர்கள் எதையும் பார்க்கவில்லை என்றார்கள்.

தடம், போன வருஷம் தம்பி படுத்த, இன்றும் அவனுக்கு விட்டிருந்த கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் முடிந்தது. தலைமாட்டில் அந்தக் கம்பு சாத்தியிருந்தது. தைல வாசனை அறை முழுக்க நிறைந்திருந்தது.

அக்கா கம்பை ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். ஒரு வருஷமாக இறுகிக் கிடந்த அவள் முகம் தளர்ந்தது. பிறகு தம்பியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"எல்லாரும் வந்தாச்சுங்க. கதவைச் சாத்துங்க" என்று விடுதிக்காரரிடம் சொல்லிவிட்டு, தன் பையை எடுத்துக்கொண்டு அறையின் மறுகோடிக்குப் போனாள்.

தாழ்ப்பாள் விழுந்தது.

தம்பியின் பக்கத்துக் கட்டில், பாரம் தாங்காமல் மெல்லக் கிறீச்சிட்டது.