மணக்க மணக்க உடைந்த பலகை

"உன் மேல ஏதோ ஈரத்துணி நாத்தம் அடிக்குது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பின்வரிசை முழுவதும் மூக்கைப் பொத்திக்கொண்டது.

வாண்டுவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. வாண்டு என்பது வீட்டில் வைத்த செல்லப்பெயர். ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் அது அவளை விட்டுப் போகவில்லை. யாரும் பார்க்காதபோது சட்டைக் கையை முகர்ந்து பார்த்தாள். உண்மைதான். நனைந்த துணியை மூட்டையிலேயே மறந்துவிட்டால் ஒரு வாடை வருமே, அதே வாடை.

எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்குக் கீழேதான் அம்மாவின் கம்பெனி இருந்தது.

கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடம், லிஃப்ட் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். ஒரு நீளமான கூடம். அதில் துணி ஊறும் பெரிய தொட்டி, ஊறியதைக் கூழாக அரைக்கும் இயந்திரம், அந்தக் கூழைப் பலகையாக அழுத்தும் இயந்திரம். வேலை செய்வது மூன்றே பேர்.

அம்மா முன்பு நாற்காலியும் அலமாரியும் செய்யும் கடையில் வடிவம் வரைந்துகொண்டிருந்தார். பெரியம்மா ஆடை ஆலையில் துணி வெட்டும் பிரிவில் இருந்தார். வெட்டியது போக மிஞ்சிய துண்டுகளை மூட்டை மூட்டையாகப் போட்டு எரிப்பதைப் பார்த்துப் பார்த்து மனசு பொறுக்காமல், "இதை வெச்சு ஏதாவது செய்ய முடியாதாடி?" என்று தங்கையிடம் கேட்டார். அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் கம்பெனி.

மூன்றாவது ஆள் பசை மாமா. சொந்த மாமா இல்லை, அம்மாவின் பழைய நண்பர். ஒட்டுப்பலகை ஆலையில் பசை கலக்கும் வேலை பார்த்தவர். அந்தப் பசையின் நெடியில் அவர் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்குமாம். இங்கே வந்த பிறகு கிழங்கு மாவில் பசை காய்ச்சினார். "இதைக் கைக்குழந்தை நக்கினாக்கூட ஒண்ணும் ஆகாது," என்று பெருமையாகச் சொல்வார். வாண்டு ஒரு தடவை நக்கிப் பார்த்திருக்கிறாள். சப்பென்று இருந்தது.

பள்ளியிலிருந்து வந்ததும் வாண்டு நேராகக் கூடத்துக்குப் போனாள். அங்கே யாரும் இல்லை. அம்மாவும் பெரியம்மாவும் மாடியில் இருந்தார்கள். பசை மாமா மாவு வாங்கப் போயிருந்தார். தொட்டி நிறைய, அரைத்துக் கொட்டிய சாம்பல் நிறக் கூழ். வாடை குப்பென்று மூக்கில் ஏறியது.

மூலையில், வீட்டுத்துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் ஒரு நீல பாட்டில் இருந்தது. துணி அலசும் கடைசித் தண்ணீரில் ஒரு மூடி ஊற்றினால் துணி மெத்தென்று ஆகும், பூவாக மணக்கும்.

'கூழும் துணிதானே?' என்று நினைத்தாள் வாண்டு.

ஒரு மூடி ஊற்றினாள். முகர்ந்தாள். போதவில்லை. இன்னொரு மூடி. பிறகு மூடி எதற்கென்று பாட்டிலையே கவிழ்த்துவிட்டாள். கட்டையால் நன்றாகக் கிளறினாள். ஆகா, என்ன மணம்!

மறுநாள் பெரியம்மா கூடத்துக்குள் நுழைந்ததும் மூச்சை இழுத்துவிட்டார். "இந்தத் தடவை வந்தது நல்லாத் துவைச்ச துணி போலிருக்கு. கமகமன்னு இருக்கு!"

வாண்டுவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. ரகசியமாக எல்லோருக்கும் நல்லது செய்துவிட்டதாக நினைத்தாள்.

அந்தச் சிரிப்பு பலகைகள் காயும்வரைதான் இருந்தது.

காய்ந்த பலகை ஒன்றை அம்மா ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். ஊறிய பிஸ்கட் மாதிரி அது இரண்டாக விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததைப் பெரியம்மா விரலால் தொட்டார், பொலபொலவென்று உதிர்ந்தது. உதிர்ந்தும் மணத்தது.

அந்தப் பலகைகள் ஒரு பள்ளிக்கூடத்துக்காகச் செய்தவை. காது சரியாகக் கேட்காத பிள்ளைகள் படிக்கும் பள்ளி. அங்கே ஒரு பெரிய கூடத்தில் யார் பேசினாலும் எதிரொலிக்கும். சுவரில் துணிப்பலகை மாட்டினால் அது எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும்.

பசை மாமா உதிரியை உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "மாவை மாத்தினேன்ல, அதான். நல்லா சோதிச்சுப் பாத்திருக்கணும். என் தப்புதான்."

"விடுங்க, இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாம்," என்றார் அம்மா.

"வேணாம்மா. ஆலைப் பசையையே வாங்கிடலாம். அது கெட்டியா நிக்கும். என் கண்ணு எரிஞ்சா எரியட்டும்."

படியில் நின்றிருந்த வாண்டுவின் வாய் திறந்தது. சொல் தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. எச்சிலோடு சேர்த்து அதை விழுங்கிவிட்டாள்.

பசை மாமா அவளைக் கடந்து போகும்போது வழக்கம்போல, "சாப்பிட்டியா வாண்டு?" என்று கேட்டார். எப்போதும் கேட்பதுதான். அன்று அது ஊசி மாதிரி குத்தியது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு மாடிக்கு ஓடினாள். யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பசை மாமாவின் செருப்பு வாசலில் கிடந்தது. அதைப் பார்க்கக்கூட வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, அம்மா அவளைப் பள்ளியிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போனார்.

"என்னம்மா விஷயம்?"

"ஆலைப் பசை நெடியடிக்கும், பிள்ளைங்க இருக்கிற இடத்துக்கு ஆகாது. பலகை வராதுன்னு நேர்ல சொல்லணும். ஃபோன்ல சொன்னா நல்லா இருக்காது."

அம்மா தலைமை ஆசிரியையைத் தேடிப் போக, வாண்டு கூடத்தில் நின்றாள். சில பிள்ளைகள் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கர்ர்ர் என்ற சத்தம் நான்கு சுவரிலும் மோதி மோதித் திரும்பியது. காதின் பின்னால் கருவி மாட்டிய சின்னப் பெண் ஒருத்தி வந்தாள். தலையில் சிவப்பு ரிப்பன்.

"நீ யாரு?" என்று கேட்டாள்.

"பலகை செய்யிறவங்க பொண்ணு."

"என்ன? திரும்பச் சொல்லு."

மறுபடி சொன்னாள். சிவப்பு ரிப்பன் கண்ணைச் சுருக்கி வாண்டுவின் உதட்டையே பார்த்தாள். பிறகு புரிந்து தலையாட்டினாள்.

"இந்தக் கருவி எல்லாத்தையும் பெருசாக்கும். டீச்சர் பேசுறதையும் பெருசாக்கும், நாற்காலி இழுக்குறதையும் பெருசாக்கும். இங்க வந்தா எல்லாம் கலந்து ஒரே கூழ். டீச்சர் ஜோக் சொன்னா எல்லாரும் சிரிச்சப்புறம்தான் நான் சிரிப்பேன்." பிறகு ஆசையாகக் கேட்டாள்: "நீங்க எப்ப பலகை மாட்டுவீங்க?"

வாண்டு நின்ற இடத்திலேயே கூனிக் குறுகிப் போனாள்.

அதற்குள் அம்மாவும் தலைமை ஆசிரியையும் வந்துவிட்டார்கள். அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். வீட்டில் அம்மா அப்படி நின்று வாண்டு பார்த்ததே இல்லை.

"எனக்கும் உங்க பலகைதான் பிடிச்சிருந்தது," என்றார் தலைமை ஆசிரியை. "ஆனா உடையிற பலகையைப் பிள்ளைங்க தலைக்கு மேல எப்படி மாட்டுறது? கடையில விக்கிற நுரைப்பலகையை வாங்கிடறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"உங்க மேல தப்பே இல்ல. எங்க பசைதான் சரியில்ல," என்றார் அம்மா.

"பசை நல்ல பசைதான்," என்றாள் வாண்டு.

குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்னம்மா சொன்ன?" என்று குனிந்தார் தலைமை ஆசிரியை.

"பசை மேல தப்பில்ல."

"கேக்கல!" என்றாள் சிவப்பு ரிப்பன். "சத்தமாச் சொல்லு!"

வாண்டு கண்களை இறுக மூடிக்கொண்டாள். "நான்தான் தொட்டியில வாசனைத் தண்ணிய ஊத்தினேன்!"

'ஊத்தினேன்... தினேன்... னேன்...' என்று அந்தக் கூடம் எல்லோருக்கும் மறுபடி மறுபடி சொன்னது. நாற்காலி இழுத்த பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாண்டுவின் முகம் பற்றி எரிந்தது. ஓடி ஒளிய ஒரு தூண்கூட இல்லை.

அம்மா திட்டவில்லை. "ஏன் ஊத்தின?" என்று மட்டும் கேட்டார்.

"ஸ்கூல்ல... என்னைப் பாத்து மூக்கைப் பொத்தினாங்க. ஈரத்துணி நாத்தமாம்."

அம்மா தன் சட்டைக் கையை மெல்ல மூக்கருகே கொண்டுபோனார். முகர்ந்தார். அவருடைய முகமும் சிவந்துவிட்டது.

"எனக்கு இது தெரியாமப் போச்சே," என்றார்.

பிறகு தலைமை ஆசிரியை தொண்டையைச் செருமினார். "அப்போ பலகையில கோளாறு இல்ல. புதுசா ஒண்ணு செஞ்சு கொண்டு வாங்க. எங்க வாலுங்களை எல்லாம் அதுமேல ஏறிக் குதிக்க விடறேன். அதுக்கும் தாங்கினா மாட்டிடலாம்."

இருவரும் வேனில் திரும்பினார்கள். வீடு நெருங்கும்போது அம்மா கேட்டார்: "மாமாகிட்ட நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

பசை மாமா காய்ச்சும் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். இனி அதற்கு வேலை இல்லை என்பதுபோல நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். வாண்டு அவர் பக்கத்தில் போய் நின்று, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஒவ்வொரு மூட்டை மாவையும் பிரிச்சு நக்கிப் பாத்துட்டு இருந்தேன்," என்றார். "எனக்கு வேலையே மறந்துபோச்சோன்னு பயந்துட்டேன். சொல்லியிருக்கலாமே வாண்டு."

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வாண்டுவுக்கு அழுகை வெடித்தது. "மன்னிச்சுக்கோங்க மாமா," என்று விக்கினாள்.

மாமா அவளை அழவிட்டார். அழுகை அடங்கியதும், "எவ்வளவு ஊத்தின?" என்று கேட்டார்.

"முழு பாட்டில்."

"முழு பாட்டிலா! அப்புறம் எங்கிருந்து ஒட்டும்? துணி நார் ஒண்ணை ஒண்ணு கெட்டியாப் பிடிச்சுக்கணும். அந்தத் தண்ணி எல்லாத்தையும் வழுவழுன்னு ஆக்கிடும். பிடி நிக்காது."

மாடிப்படியிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "அதான் என் பாட்டில் காணாமப் போச்சா? தோய்ச்ச துணியெல்லாம் விறைச்சுப்போய்த் தானா எழுந்து நடக்குதே, என்னடான்னு பாத்தேன்!"

மாமாவின் வயிறு குலுங்கியது. வாண்டுவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவள் மூலையில் குவிந்து கிடந்த உதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, சட்டையில சோப்பு போறவரைக்கும் அலசுவோமே, அதுமாதிரி இதையும் அலசினா?"

மாமா தாடையைச் சொறிந்தார். "அலசலாம். ஆனா லேசுல போகாது. யாரு அலசுறது?"

"நான்."

பள்ளி விட்டு வந்த ஒவ்வொரு மாலையும் வாண்டு உதிரியைச் சல்லடைத் துணியில் கட்டி முக்கினாள், பிழிந்தாள், மறுபடி முக்கினாள். நுரை வந்துகொண்டே இருந்தது. விரல்கள் வற்றலாகச் சுருங்கின. கடைசியில் தண்ணீர் நுரையில்லாமல் வந்தது.

அலசும்போது அவள் ஒன்றைக் கவனித்தாள்.

"மாமா, புதுசா ஊற வெச்ச துணியில வாடையே இல்ல. நாள்கணக்கா ஊறுறதுலதான் வருது. அன்னைக்கு அரைக்கிறதை மட்டும் அன்னைக்கு ஊற வெச்சா என்ன?"

பெரியவர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது நமக்கு ஏன் தோணல?" என்றார் அம்மா.

"நம்ம மூக்குக்குப் பழகிப்போச்சுடி," என்றார் பெரியம்மா.

மாமா புதிதாகப் பசை காய்ச்சினார். பலகைகள் காய்ந்ததும் ஒன்றை இரண்டு செங்கல் மேல் வைத்து முதலில் அவர் ஏறி நின்றார். பிறகு பெரியம்மாவும் ஏறினார். வாண்டு பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பலகை முனகக்கூட இல்லை.

பள்ளியில் வாலுகள் குதித்தபோதும் அது தாங்கியது.

எல்லாப் பலகைகளையும் மாட்டி முடித்த அன்று சிவப்பு ரிப்பன் வாண்டுவைத் தேடி வந்தாள். அவளைப் பார்த்ததும் வாண்டுவுக்கு மறுபடி காது சூடேறியது.

"என்னாலதான் லேட் ஆயிடுச்சு. மன்னிச்சுக்கோ," என்றாள் மெதுவாக.

சிவப்பு ரிப்பன் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பதில் இல்லை. கேட்கவில்லையோ? வாண்டுவுக்குத் திக்கென்றது.

"உன் குரல் இப்படியா இருக்கும்?" என்று கண்களை விரித்தாள் சிவப்பு ரிப்பன். "தவளை மாதிரி கரகரன்னு இருக்கே!"

"யாரைத் தவளைங்கற?" என்று வாண்டு கிசுகிசுப்பாகவே சண்டைக்குப் போனாள். சிவப்பு ரிப்பனுக்கு அதில் ஒரு சொல்கூடத் தவறாமல் கேட்டது.