ஆள் நீளப் பள்ளம்

இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாவுக்குக் கீழே, ஒரு வளைவை ஒட்டிய அரை மைல் ரோட்டில் பதினான்கு மாதமாக வேலை இழுத்துக்கொண்டிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், கந்தப்பன் அங்கே நீராவி ரோலர் ஓட்ட வந்து சேர்ந்தான். முன்பு ஓட்டியவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டானாம்.

பஸ்காரர்கள் சனங்களை இறக்கிச் சேற்றில் நடக்கவிட்டார்கள். வந்த அன்றே, பிரசவ வலியில் துடித்த ஒருத்தியைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு நாலு பேர் அவனைக் கடந்தார்கள்.

"ரோடு போடுறீங்களா, குழி வெட்டுறீங்களா?" என்று ஒருவன் காறித் துப்பினான்.

மற்ற இடமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. வளைவின் நடுவில் மட்டும், ஓர் ஆள் நீளத்துக்கு ரோடு உள்வாங்கிக்கொண்டே இருந்தது. சல்லிக்கல் கொட்டி, உருட்டி, தார் ஊற்றுவார்கள். விடிந்தால் அதே பள்ளம். ஆறு தடவை ஆகிவிட்டது.

கந்தப்பன் குனிந்து கை வைத்துப் பார்த்தான். விரல் விறைக்கிற குளிரில் தார் வெதுவெதுப்பாக இருந்தது.

உடம்புச் சூடு.

"கைய எடுத்துருங்கண்ணே," என்றாள் ஓரத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்த பேச்சியம்மா. "எங்க வூட்டுக்காரரு அழகன் இங்கதான் தார் ஊத்துனாரு. போன வருசம் மழையில, ஈரக் கல்லுல தார் புடிக்காது, காய விடுங்கன்னு ஓவசியர்கிட்ட சொல்லியிருக்காரு. அன்னிக்குப் போனவரு வரல. கொழும்புக்கு ஓடிட்டாருன்னு ஓவசியர் சொல்றாரு." சுத்தியலைக் கீழே வைத்தாள். "மறுநாளு புள்ளைக்குப் பேரு வைக்கணும். யாரு ஓடுவாங்க?"

கந்தப்பன், வேலையை மேற்பார்த்த ஓவசியர் சிறிலிடம் போனான். "அடியோட தோண்டணும் ஐயா. மேல போட்டு உருட்டிப் பிரயோசனம் இல்ல."

சிறிலின் முகம் வெளுத்தது. "தோண்டக் கூடாது. கல்லப் போட்டு உருட்டு. முடியாட்டி நீயும் ஓடிப் போ."

உருட்டினான். முன்சக்கரம் பள்ளத்தில் ஏறியதும், கல் நொறுங்கும் சத்தத்துக்கு நடுவே எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அதற்கும் அடியில், யாரோ மூச்சு வாங்கினார்கள்.

ரோலரை நிறுத்தினான்.

மூச்சு நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆட்கள் வராத நேரம் பார்த்து, கந்தப்பன் கல்லைப் பெயர்க்கும் அலவாங்கோடு பள்ளத்தில் இறங்கினான். பேச்சியம்மா கல்லை அள்ளி ஓரத்தில் போட்டாள். மூடுபனி இறங்கி ரோட்டை விழுங்கியது. இரண்டடி ஆழத்தில் நாற்றம் எழுந்தது. பிறகு, கறுத்த விரல்கள் தெரிந்தன.

பேச்சியம்மா குனிந்தாள். சேலைத் தலைப்பால் அந்த விரல்களைத் துடைத்தாள். தாருக்கு அடியில் ஒரு செம்பு மோதிரம் மின்னியது.

"அவருதான்," என்றாள்.

பனிக்குள்ளிருந்து சிறில் வந்தார். கையில் இரும்புக் கம்பி. முதல் அடியில் கந்தப்பனின் தோள் எலும்பு முறிந்தது. அடுத்த அடி தாடையில் விழ, வாய் நிறைய இரத்தத்தோடு இரண்டு பற்கள் தெறித்தன.

"ரோட்ட முடின்னு மேல உள்ளவன் என் கழுத்த நெரிக்கிறான். இவன் காய விடுங்கன்னு நிக்கிறான்," என்றார் சிறில், கணக்குச் சொல்வதுபோல. "ஒரு அடிதான் அடிச்சேன்." பள்ளத்தில் இறங்கி, பேச்சியம்மாவின் தலைக்கு மேல் கம்பியை ஓங்கினார்.

ஓங்கிய கை இறங்கவில்லை. அவர் கீழே பார்த்தார்.

கறுத்த விரல்கள், பூட்ஸுக்கு மேலே, அவர் கணுக்காலைப் பற்றியிருந்தன.

நெருப்பில்லாமல் தார் கொதித்தது. சிறிலின் கால் தோல் வெந்து சுருண்டது. கந்தப்பன் ஓரத்தில் ஏறி, ஒற்றைக் கையால் பேச்சியம்மாவை இழுத்து மேலே போட்டான்.

"கந்தப்பா, கையக் குடு," என்றார் சிறில்.

கொடுத்தான். பல்லைக் கடித்து இழுத்தான். அடித்தவன்தான், ஆனாலும் இழுத்தான்.

மேட்டில் இரும்பு முனகியது. சனிக்கிழமையே நெருப்பணைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்திய ரோலர். அந்தக் கல்லைப் பொடியாக்கிக்கொண்டு மெல்ல இறங்கி வந்தது. அதன் மேல் யாரும் இல்லை.

கந்தப்பன் கடைசி நொடியில்தான் கையை விட்டான்.

சக்கரம் காலில் ஏறி, இடுப்பில் ஏறி, அவசரமே இல்லாமல் நெஞ்சில் ஏறியது. அலறல் பாதியில் நசுங்கியது. பிளந்த வயிற்றிலிருந்து இரத்தம் கொதிக்கும் தாரில் விழுந்து சீறியது.

பொலிஸ் வந்து தோண்டியபோது அழகனின் மண்டை பிளந்திருந்தது. செத்து ஒரு வருடமான விரல்களைச் சிறிலின் கணுக்காலிலிருந்து பிரிக்க நாலு பேராலும் முடியவில்லை. கடைசியில் சிறிலின் அந்தக் காலை வெட்டித்தான் எடுத்தார்கள். அழகனை எரித்த அன்று பேச்சியம்மா, அதுவரை பேர் வைக்காதிருந்த பிள்ளைக்கு அவன் பேரையே வைத்தாள். ரோடு ஒரே வாரத்தில் முடிந்தது. அப்புறம் பள்ளம் விழவில்லை.

இரண்டு வருடம் கழித்து, றொசல்லயில், பட்டப்பகல் வெயிலில் கந்தப்பன் புதுத் தாரை உருட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். வழவழவென்று கிடந்த ரோட்டில் கால் தடங்கள் பதிந்திருந்தன. ஒரு சோடி வெறுங்கால். அதன் பக்கத்திலேயே, இழுத்துக்கொண்டு வந்ததுபோல், ஒற்றைப் பூட்ஸ்.

இரண்டும் ரோலரின் பின்சக்கரம் வரை வந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.