முதலில் நோகிறவர்

இவளுக்கு அழத் தெரிந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருக்கும்.

மங்கையர்க்கரசி இதை வெளியே சொல்லவில்லை. நெல் கொள்முதல் கொட்டகையில், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே, ஊர்க் கூட்டத்துக்கு நடுவே, எதிரே உட்கார்ந்திருந்த தவமணியைப் பார்த்துப் புன்னகைத்தாள். அழுகிறவர்களோடு பேசி அவளுக்குப் பழக்கம். அழுது முடித்ததும் அவர்கள் சம்மதித்துவிடுவார்கள். தவமணியோ, மடியில் சாய்ந்திருந்த மகள் மகிழினியின் தலைமுடியில் ஒட்டியிருந்த உமியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

பயிர்நோய்க் கண்காணிப்பு அலுவலராகச் சேர்ந்த நாளிலிருந்து மங்கையர்க்கரசி மக்களிடம் கேட்டது ஒன்றைத்தான்: ஊருக்கு ஒரு வயல். குலைநோய்ப் பூஞ்சை ஒவ்வொரு பருவமும் பழைய மருந்தை வென்று புது உருவில் வந்தது. காற்றில் பறக்கும் அதன் வித்துகள் மிகக் குறைவு, எந்த வகை என்று படிக்க முடியாது. படிக்கும் அளவுக்குப் பெருகும்போது ஊரே கருகியிருக்கும். அதனால் ஒரு வயலில் மட்டும் நோஞ்சான் ரகத்தை நட்டு, மருந்தடிக்காமல் விட்டார்கள். முன்நோவு வயல் என்று அதற்குப் பெயர். பூஞ்சை முதலில் அங்கேதான் பிடிக்கும். இலைப்புண்ணை வித்துமானிக் கருவி படித்துச் சொல்லும். மற்ற வயல்களுக்கு உடனே புது மருந்து கலந்துவிடலாம். நோவு கண்ட வயலைக் கொளுத்திவிடுவார்கள்.

யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. வயலுக்கு உரியவர் ஊர் நடுவே எழுந்து, "எங்க வயல் முதல்ல நோவட்டும்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். இந்த ஊரான நெடுவாய்க்காலில் அதைச் சொல்லிவந்தவள் தவமணி. புருஷன் இறந்த வருஷம் முதன்முதலாகச் சொன்னாள். அப்புறம் ஊர் வேறு யாரையும் கேட்கவே இல்லை. அறுவடை முடிந்ததும் ஆளுக்குக் கொஞ்சம் நெல் அவளுக்கு அளந்தார்கள். அவள் வந்தால் எழுந்து நின்றார்கள். அவள் வயல் எரியும்போது மட்டும் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

போன கோடையில் பூஞ்சை மனிதர்களின் நெஞ்சுக்குள் இறங்கியது. தடுப்பூசியும் வந்தது. ஆனால் ஊசி போட்டவரின் நுரையீரலில் வித்து செத்துவிடும், படிக்க எதுவும் மிஞ்சாது. பூஞ்சை உருமாறினால், ஊர் மொத்தமும் ஒன்றாக மூச்சுத் திணறும்போதுதான் தெரியவரும். துறையில் யாரும் அதிகம் யோசிக்கவில்லை. வழி கைவசமே இருந்தது. ஊருக்கு ஒருவர், ஊசி இல்லாமல். எந்த நெஞ்சில் பூஞ்சை முளைக்கும் என்று சொல்ல மூச்சுமானி இருந்தது. ஊதினால் போதும்.

"நானே இருந்துக்கறேன்னு சொல்லிட்டேனேம்மா," என்றாள் தவமணி.

"உங்க மூச்சைப் பார்த்தாச்சு. அந்த வயல்லயே நின்னு நின்னு உங்க நெஞ்சு பழகிப்போச்சு. உங்ககிட்ட முளைக்காது. பொண்ணுகிட்டதான் முளைக்கும்னு காட்டுது."

"பயிரு செத்து என்னைக் காப்பாத்திருக்காக்கும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஊராட்சித் தலைவர் பக்கிரிசாமி தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, ஊருக்கு ஒம்மேல இல்லாத மரியாதையா? மகிழினிக்குப் பொறந்ததுலேர்ந்து இளைப்பு. நோஞ்சான் ரகந்தான் முதல்ல காட்டிக்கொடுக்கும்னு இந்த அம்மாதானே நமக்குச் சொல்லிக்குடுத்தாங்க."

"ஒங்க பேரனையும் ஊதச் சொன்னீங்களாண்ணே?"

"அவன் கல்லாட்டம் இருக்கான். அவன்கிட்ட என்னத்த முளைக்கும்?" பெருமையாகச் சொல்லிவிட்டு, பக்கிரிசாமி தரையைப் பார்த்தார்.

தவமணி அலுவலரிடம் திரும்பினாள். "பக்கத்து ஊர்ல ஒருத்தர வச்சீங்களே, அவரு எப்படி இருக்காரு?"

"சிகிச்சையில இருக்கார்."

அந்த மனிதர் போன வெள்ளிக்கிழமை இறந்திருந்தார். பொய் சொல்லும்போது தன் குரல் இன்னும் கனிந்துவிடுவதை மங்கையர்க்கரசி கவனித்தாள். இந்தக் கனிவை எங்கே கற்றேன் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

"நீங்க ஊசி போட்டுக்கிட்டீங்களாம்மா?"

"இன்னும் இல்ல. எல்லா ஊருக்கும் போட்டு முடிச்சப்புறம்தான் எங்களுக்கு."

"அப்ப நீங்களும் ஒருதரம் ஊதுங்க."

மேசையிலிருந்த மூச்சுமானியைத் தவமணியே எடுத்து நீட்டினாள். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மறுத்தால் நன்றாக இருக்காது என்று மங்கையர்க்கரசி ஊதினாள். ஆய்வுக்கூடக் கண்ணாடி அறையிலும், வயலில் இறங்கினால் முகக்கவசத்துக்குள்ளும் இருந்தே வளர்ந்த நெஞ்சு. பிள்ளைக்குக் காட்டியதைவிடச் சீக்கிரமாகவே கருவி காட்டியது: முளைக்கும்.

"நீங்க ஊர் ஊராப் போறவங்க," என்றாள் தவமணி. "வயல்ல முகத்துல போட்டுக்கறதக் கழட்டிட்டா, அத்தனை ஊரு காத்தும் ஒங்க நெஞ்சுக்குள்ள வரும். ஊருக்கு ஒரு ஆளு எதுக்கு? நீங்க ஒருத்தரே போதுமே." அவள் குரலில் குத்தல் இல்லை. சரியாகப் புரிந்துகொண்டேனா என்று கேட்கிற குரல். "என் நெஞ்சு முதல்ல நோவட்டும்னு நீங்க சொல்லிட்டா, எம்பொண்ணுக்கு இப்பவே ஊசி போட்டுடலாம்ல?"

"ஞாயமாத்தான் படுது," என்றார் பக்கிரிசாமி.

மகிழினி எழுந்து உட்கார்ந்து சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டாள்.

தவமணி சொன்னதில் பிழையே இல்லை. துறைக்கு எழுதி அனுப்பினால் மெச்சக்கூடச் செய்வார்கள். மங்கையர்க்கரசி உள்ளுக்குள் காரணங்களைத் தேடினாள். வீட்டில் அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள். இதை ஒரு விவசாயி அவளிடம் சொல்லியிருக்கிறார். எல்லாருக்கும் வீடு இருக்குங்க என்று பதில் சொல்லியிருக்கிறாள். என் வேலையை யார் பார்ப்பது? அதற்கும் பதில் சொல்லியிருக்கிறாள், வேற ஆள் வருவாங்க என்று. பயமாக இருக்கிறது. இதை எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, பயந்துக்கிட்டே செய்யறதுதான் பெரிசு என்று சொல்லியிருக்கிறாள். இதே கொட்டகையில்கூட. அவர்களும் கடைசியில் தலையாட்டியிருக்கிறார்கள்.

எதிரே இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் அந்தப் பதில்கள் மனப்பாடம்.

அவள் காரணம் எதையும் சொல்லவில்லை. பிள்ளையின் பக்கம் திரும்பாமல், தவமணிக்கு மட்டும் கேட்கிற குரலில், "என்னால முடியாது," என்றாள்.