இருநூற்றுப் பதினைந்தாவது சோதனை

ஒரு சோதனை கூடுதலாக இருந்தது.

சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, வீட்டில் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல், திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டிக்கு மேலே இருக்கும் அந்த ஒற்றை அறை ஆபீசுக்கு வந்து, சன்னலைத் திறந்து, கீழிருந்து ஏறிவரும் கடலைத் தோலும் மண்ணும் கலந்த வாடைக்கு மூக்கு பழகுவதற்குள் வெனிலா வேலையை ஆரம்பித்துவிட்டாள். நாளை கொடுக்க வேண்டிய மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவள் எழுதி வைத்திருந்த சோதனைகள் இருநூற்றுப் பதினான்கு. திரையில் இருந்ததோ: ஓடியவை 215, தோல்வி 1.

தோற்றதன் பெயரை இரண்டு தடவை படித்தாள். 'ஒரே பெயரில் இருவர், இரத்த வகை.' அதை எழுதியவள் அவள்தான். அழித்தவளும் அவள்தான். அழித்துப் பத்து மாதம் ஆகிறது.

விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரத்த வங்கிக்கான மென்பொருள் அது. சோதனைக்குக் கற்பனைப் பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு, ஆஸ்பத்திரி கொடுத்த கர்ப்பிணிகள் பதிவேட்டின் ஜெராக்ஸிலிருந்து நிஜப் பெயர்களையே தட்டி வைத்தாள் புத்திசாலி. வல்லம் இளவரசி, ஓ நெகட்டிவ். மயிலம் இளவரசி, பி பாசிட்டிவ். அவள் மிஷினில் மென்பொருள் ஓடிய ஜாவா ஏழாம் பதிப்பில் வல்லத்துக்காரி சரியாக முதலில் வந்தாள். ஆஸ்பத்திரியின் புது மிஷினில் ஜாவா எட்டு. அதில் பட்டியலின் வரிசை புரண்டு மயிலத்துக்காரி முன்னால் வந்து நின்றாள்; முன்னால் நிற்பவளின் இரத்த வகைதான் சீட்டில் அச்சாகும். அந்த வரிசை மாறவே மாறாது என்று ஜாவா யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. இவளாக நம்பிக்கொண்டது.

சோதனை ஒழுங்காகத்தான் கத்தியது. கெடு நெருங்கிவிட்டதால், முதலாளியிடம் "என் மிஷின்ல ஓடுது சார்" என்று சொல்லிவிட்டு, அதன் தலைமேல் 'இக்னோர்' என்று ஒரு சொல்லைப் போட்டு வாயை அடைத்தாள். அடுத்த வாரம் பிரசவத்துக்கு வந்த வல்லம் இளவரசிக்கு மாற்று வகை இரத்தம் ஏறியது; அவள் பிழைக்கவில்லை. அவசரத்தில் கம்ப்யூட்டர் சீட்டை நம்பிவிட்ட லேப் டெக்னீஷியன் பச்சைமுத்துவுக்கு வேலை போயிற்று. வெனிலா அன்றே அந்த ஒரு வரியைத் திருத்தி, சோதனையையும் அழித்தாள். அதே தப்பு வேறு எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தேடவில்லை. தேடினால் ஏன் என்று கேட்பார்கள். பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டபோதுகூட, தங்கையோடு போட்ட சண்டையைச் சொன்னாளே தவிர இதைச் சொல்லவில்லை.

இப்போது நிரல் முழுக்கத் தேடினாள். அந்தச் சோதனை எங்கும் இல்லை. எங்காவது அதன் மிச்சம் ஒட்டியிருக்கும் என்று பழைய கோப்புகளை ஒன்றுவிடாமல் துடைத்து, ஜாவா ஏழில் ஓட்டினாள். 214. எல்லாம் பச்சை, தேறிவிட்டன. பக்கத்து மேசையில் ஜாவா எட்டு போட்டிருந்த மிஷினில் மறுபடி ஓட்டினாள்.

216. தோல்வி 2.

இரண்டாவதில் இருந்த பெயரை அவள் எந்தக் காலத்திலும் தட்டியதில்லை. அம்மணி, கூட்டேரிப்பட்டு, வயது 58. வர வேண்டியது ஏ நெகட்டிவ். வந்தது பி பாசிட்டிவ். ஆபரேஷன்: திங்கள், காலை பதினொன்று.

நாளைதான் திங்கள். அதே மென்பொருளின் புதுப் பதிப்பைப் பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் ஓடவிடுகிறார்கள். முதலாளி சீனுவாசனுக்குப் போன் போட்டாள்.

"சார், ஜாவா எட்டுல ரெண்டு ஃபெயில் ஆவுது."

"ஏழுல?"

"ஓடுது சார். ஆனா..."

"ஆனா இன்னாம்மா? லீவு நாள்ல பேஜாரு பண்ணிக்கினு. போன வாட்டியும் இதேதான் சொன்ன, அப்புறம் நீயே சரி பண்ணிட்ட இல்ல? ஜல்தி அனுப்பிட்டு வூட்டுக்குப் போ."

போன வாட்டி அனுப்பறதுக்கு முன்னாடி நான் சரி பண்ணல சார். அது தொண்டை வரை வந்தது. சொன்னால் இளவரசியையும் சொல்ல வேண்டும், பச்சைமுத்துவையும் சொல்ல வேண்டும். அவள் வெட்கங்கெட்டுப்போய் விழுங்கினாள்.

"சரிங்க சார். அனுப்பிட்டு போறேன்."

இல்லாத சோதனையின் தலைமேல் இக்னோர் போட முடியாது. அதற்கும் வழி உண்டு. தோல்வி எதையும் கண்டுகொள்ளாதே என்று அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. போட்டாள். 'பில்ட் சக்ஸஸ்', மென்பொருள் தயார் என்றது திரை. விழுப்புரத்துக்கு அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்தது.

மல்லாட்டை வாடை நின்றிருந்தது. அதன் இடத்தில் ஸ்பிரிட் வாடை, கூடவே டெட்டால், ஈரத்துணி, பிள்ளை பெற்ற அறையின் கவிச்சி. ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது தேய்ந்த பிறகு வேறு சத்தமில்லை. பக்கத்து மேசையின் பிளாஸ்டிக் நாற்காலி முனகியது. யாரோ உட்காரும்போது முனகுவது.

அவள் திரும்பவில்லை.

மறுபடி முனகல்.

திரும்பினாள்.

நைட்டி. தோளில் ஒரு துண்டு. இடது கை மேசைமேல் நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க. முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியும், மணிக்கட்டுப் பட்டையில் 'இளவரசி, வல்லம்'. இளவரசியின் முகத்தில் கோபமே இல்லை. ஊசியைப் பார்க்கப் பயந்தவர்கள் திருப்பிக்கொள்வது போல அதை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

படியில் செருப்புச் சத்தம். ஒன்றல்ல. நிறைய. அவசரமில்லாமல். படி முழுக்க ஆட்கள், ஒருவர் பின் ஒருவராக, இரத்தம் ஏற்றிக்கொள்ளப் போகிறவர்கள் போலச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு.

முதலில் நின்ற பெண்மணி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கையில் கூட்டேரிப்பட்டுப் பஸ் டிக்கெட்.

"அம்மணிங்க. சீட்டு இங்கதான் குடுப்பாங்கன்னாங்க. ஒக்காரட்டுங்களாம்மா?"

அம்மணி எதிரில் உட்கார்ந்து, கீபோர்டின் மேல் கையை நீட்டி வைத்தார். தள்ளிவிட எண்ணித்தான் வெனிலா அதைத் தொட்டாள்.

சூடாக இருந்தது. நாடி இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

அம்மணி முகத்தை மெல்ல அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.